நான்கு விரல் கீழே

அன்புள்ள வசந்தா,

வீட்டில் எல்லாரும் நலம் என்று முதலில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, நீ காப்பிக்காகச் சர்க்கரை டப்பாவை எடுக்கிற அதே நேரத்துக்கு, சமையலறையில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. மூலையில் நான் வைத்த முக்காலி, மேல் அலமாரிக்கு நேர் கீழே நிற்கிறது. பேய் என்று நான் சொல்லவில்லை. அரசாங்க வேலையில் இருந்தவன், ஆதாரமில்லாமல் எதையும் எழுதமாட்டேன். ஆனால் லாஸ்பேட்டைக் காற்றுக்கு இவ்வளவு நேர ஒழுங்கு கிடையாது.

என் காதுதான் கெட்டுவிட்டது என்றிருந்தேன். போன மாதம் நம் கவிதா வந்திருந்தாள். மூன்று மணிக்கு அவள் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"அப்பா, உள்ள யாரு?"

"யாருமில்ல."

"அந்த அலமாரிய மொதல்ல பேத்து எடுப்பா. அம்மாவ தள்ளிவிட்ட சனியன்."

நீ முக்காலியிலிருந்து விழுந்தாய். இடுப்பெலும்பு, ஆஸ்பத்திரி, பதினொரு நாள். பிறகு நீ வீடு திரும்பவில்லை. திரும்பவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அலமாரி செய்த பிள்ளைச்சாவடி ஆறுமுகத்தையே வரச் சொன்னேன். அவர் அளவெடுக்கும் விதம் ஞாபகம் இருக்கிறதா? சமைக்கிறவரைச் சுவரோரம் நிறுத்தி, "கைய தூக்குங்கக்கா" என்பார். விரல் நுனி தொடும் இடத்தில் பென்சில் கோடு. அதுதான் மேல் தட்டின் உயரம். உன்னைக் குள்ளம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! புடவைக்குள் குதிகாலைத் தூக்கி எம்பிக்கொண்டு நின்றாய்.

ஆறுமுகம் அலமாரியைக் கழற்றினார். பன்னிரண்டு வருடம் வெளிச்சம் படாத சுவரில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு நான்கு விரல் கீழே இன்னொன்று.

"ரெண்டு எதுக்குண்ணே?" என்றாள் கவிதா.

"மேல இருக்கிறது அக்கா எம்புனது. கீழ இருக்கிறது நெசமான அளவு. குதிகாலு தரைய தொட்டப்போ பாத்து குறிச்சிட்டேன். எதுல வைக்கட்டும்னு சாரைக் கேட்டேன்." என் பக்கம் திரும்பினார். "கேட்டேன் இல்ல சார்?"

கேட்டார். நீ அப்போது அடுத்த அறையில் இருந்தாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேலயே வைங்க. மகாராணி எப்படி எடுக்கிறாங்கன்னு பாப்போம்."

ஆறுமுகம் அன்று ஒருமுறை சிரித்தார். நான் பன்னிரண்டு வருடம், நீ முக்காலியை இழுக்கும்போதெல்லாம் சிரித்தேன். எட்டவில்லை என்று நீ ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எடுத்துத் தரட்டுமா என்று நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு எட்டும். நம் இருவரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம், சொல்?

கவிதா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தாள். ஊருக்குக் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை.

புது அலமாரிக்கு எந்தக் கோடு என்று ஆறுமுகம் மறுபடி கேட்டார்.

"கீழ."

"இப்ப சமைக்கிறது நீங்கதான சார். தலை இடிக்கும்."

"இடிக்கட்டும்."

நேற்று வேலை முடிந்தது. தேக்குக் கதவு, சத்தமே வராத கீல். மூன்று மணிக்குக் கூடத்தில் தனியாகக் காத்திருந்தேன். எதுவும் இழுபடவில்லை. கால் மணி நேரம் கழித்து, நிம்மதியா ஏமாற்றமா என்று புரியாமல் உள்ளே போனேன்.

அலமாரி திறந்திருந்தது. மேல் தட்டில் நான் வைத்த சர்க்கரை டப்பா மேடைமேல் இருந்தது.

எட்டியதா, வசந்தா?

டப்பாவைத் திரும்ப மேலேயே வைத்திருக்கிறேன். நாளை மூன்று மணிக்கு நான் கூடத்தில் இருக்கமாட்டேன். அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, எடுத்துத் தரட்டுமா என்று கேட்பேன். நீ வேண்டாம் என்பாய். தினமும் கேட்பேன்.

இப்படிக்கு,
எட்டும் உயரம் இருந்தும் எழுந்து வராத
உன் வீட்டுக்காரன்