அவர் கொடுக்காத வாக்கு

பீன்யா,
டிசம்பர் 21.

அன்புள்ள பிரிசில்லாவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் மெயில். வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம் இல்லை. பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அது இல்லாமல் உங்கள் சபையில் நம் கல்யாணம் நடக்காது என்பதும் தெரியும். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நேற்றுக் காலை உன் அப்பா கூப்பிட்டார். வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் சீரியல் பல்பு எரியவில்லையாம். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் நொந்துகொண்டு ஜீவனஹள்ளியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு ஒயர் விட்டிருந்தது, ஐந்து நிமிட வேலை. அங்கிள் பால் வாங்கப் போயிருந்தார். பல்பு எரிந்ததும் பார்க்கிறேன், மரியாள் இருக்கிறாள், யோசேப்பு, ஆடு, ஒட்டகம் எல்லாம் இருக்கிறது, நடுவில் குழந்தை இயேசு படுக்கும் முன்னணை காலி. குழந்தை உடைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் குறைந்தால் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் மின் பேனலை மூடுவோம். தெருமுனைக் கடையில் ஒரு குழந்தை பொம்மை வாங்கிவந்து வைத்தேன். யோசேப்பைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தை.

அங்கிள் வந்து பார்த்தார். பால் பாக்கெட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்துநாலாம் தேதி ஆராதனைக்கு முன்னால் குழந்தையை வைக்கக்கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஞானஸ்நானத்துக்கென்று எட்டு வாரம் வகுப்பு நடத்தினார்கள். மேசியா, தாவீதின் வம்சம், வாக்களிக்கப்பட்ட ராஜா, இரட்சிப்பு என்று எல்லாம் வந்தது, இது வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தேதிய உடு குமாரு, மூணு வருசமா இந்த வூட்ல அந்த எடம் காலிதான் என்றார்.

நீ டப்ளினிலிருந்து கேட்கும்போதெல்லாம் குடில் வைத்தாயிற்று என்பாரே, அதில் பாதிதான் உண்மை. உங்கள் சபைக் கோயிலில் பிள்ளைகளை நிற்கவைத்து, ராஜா பிறந்துவிட்டார் என்று சொல்லிக் குழந்தையை வைப்பவர் இதே மனிதர். வீட்டில் கை வரவில்லையாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா, சரளா ஆன்ட்டி, ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் சொன்னாராம்: ராஜா உன்ன எழுப்பி உடுவாரு சரளா, இது வாக்கு. அதை என்னிடம் சொல்லிவிட்டு, அவரு எங்க பா குடுத்தாரு அந்த வாக்க, நானா குடுத்துட்டேன், அவ கடைசி நாள் வரிக்கும் அத்த நம்பிகினு இருந்தா என்றார். அப்படியென்றால் உங்களுக்கே சந்தேகமா அங்கிள் என்று பட்டென்று கேட்டுவிட்டேன். என் வாய் உனக்குத் தெரியும். ராஜா வருவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லையாம். வந்தால் எந்த முகத்தோடு நிற்பது என்பதுதானாம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். நீ நெஜமா அவர ராஜான்னு நம்பறியா, இல்ல எம்பொண்ணுக்காகச் சும்னே தலையாட்டறியா என்றார். பாஸ்டரிடம் இன்டர்வியூ மாதிரி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டவன் நான். இவரிடம் முடியவில்லை. இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றேன். வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்போ ஞாயித்துக்கெழம வேணாம் பா, அவர் பேர்ல சொன்ன பொய் இந்த வூட்ல ஒண்ணு போதும் என்றார். எழுந்து போய் எனக்குக் காபி போட்டார். கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை பிரிசி. காரணம் உனக்கே தெரியும். ஆன்ட்டி கடைசி வாரம் போனில் உன்னிடம் மட்டும் சொன்னார்கள் அல்லவா, நான் பிழைக்கமாட்டேன் என்று தெரியும், அப்பா மனசு உடையக்கூடாது என்றுதான் நம்புகிற மாதிரி இருக்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதே என்று. நீயும் இன்றுவரை சொல்லவில்லை. நேற்று அது என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதை நான் சொல்லக்கூடாது.

ஜனவரி டிக்கெட்டை மாற்றி உடனே கிளம்பு. நம் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என்னை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டியோடு வருவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை அப்படியே சொல்.

உங்கள் ராஜா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இது வகுப்பில் மனப்பாடம் செய்ததில்லை, நானாக எழுதுவது.

இப்படிக்கு,
பாலகுமார்