பட்டியலில் என் புள்ளி

மார்ச் 3, திங்கள்
இன்று பள்ளத்தூர் ஹோட்டலில் என் கணினிப் பாதுகாப்பு வகுப்பு. அங்கே கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் ஏகப்பனாகிய என் தலையில்தான். "தெரியாத லிங்க்கை அமுக்காதீர்கள், அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள்" என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். போன வாரம் சோதனைக்காக நான் அனுப்பிய போலி மெயிலை வரவேற்பில் இருக்கும் ரிஸ்வானா திறந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் அவள் பெயரைச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய நிபுணர் அல்லவா!

மார்ச் 5, புதன்
வாட்ஸ்அப்பில் செய்தி: "கோயில் பட்டியலில் உங்கள் புள்ளி விடுபட்டுள்ளது. மாலைக்குள் பதியவும்." பகீரென்றது. கல்யாணமாகி ஏழு மாதம். நகரத்தாரில் கல்யாணமானவன்தான் ஒரு புள்ளி. கோயில் பட்டியலில் இல்லாவிட்டால் இன்னும் அப்பா கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பயல். உடனே பதிந்துவிட்டேன். நல்ல வேளை.

மார்ச் 10, திங்கள்
எங்கள் ஹோட்டல் முகவரியிலிருந்தே விருந்தினர்களுக்கு "பாஸ்போர்ட் நகலை மறுபடி அனுப்பவும்" என்று மெயில் போயிருக்கிறது. நாங்கள் யாரும் அனுப்பவில்லை. பதினொரு பேர் நகலை அனுப்பியும் விட்டார்கள்.

முதலாளி கார்த்திகேய சிவம் அண்ணன் யோசிக்கவே இல்லை. "அந்தப் பிள்ளைதான். எதைக் கண்டாலும் அமுக்கும்னு நீதானே சொன்னே? புதன்கிழமையோட நின்னுக்கிரச் சொல்லு."

ரிஸ்வானா அழவில்லை. "நான் எதையும் அமுக்கலை சார். நீங்களாவது பாத்துச் சொல்வீகளா?"

மார்ச் 11, செவ்வாய்
பார்த்தேன். திருடன் நுழைந்தது அவள் பெயரில் இல்லை. என் பெயரில். மார்ச் 5, மாலை.

அந்தப் புள்ளிப் பதிவில் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டார்கள். கொடுத்தேன். கோயிலுக்கு எதுக்குடா ஆபீஸ் பாஸ்வேர்டு? கேட்டேனா? கேட்கலையே!

பாஸ்வேர்டை மாற்றினேன். விருந்தினர்களுக்கு எச்சரிக்கை அனுப்பினேன். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவை என்னைத் தவிர யாருக்கும் திறக்கத் தெரியாது. ஒரே ஒரு வரி. அதை அழித்துவிட்டால் —

சீ. இப்படியும் தோன்றுமா எனக்கு?

மார்ச் 12, புதன்
அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "புள்ளி விட்டுப்போச்சுன்னு வந்துச்சுண்ணே..."

திட்டு விழும் என்று நின்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உனக்குமா?"

தை மாதம்தான் அவர் மகனுக்குக் கல்யாணம். மகன் பெயர், மருமகள் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் போட்டிருக்கிறார். "திங்கக்கிழமையே நெனச்சேன், நம்மதானோன்னு. சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா."

வெட்கம்! அதற்காக அந்தப் பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தோம். அவர் வாயைத் திறக்காமல். நான் வாயைத் திறந்து.

மார்ச் 13, வியாழன்
எல்லாரையும் கூட்டி இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். ரிஸ்வானாவிடம் மன்னிப்புக் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பிறகு சமையல் முத்துக்கண்ணன், அறை சுத்தம் செய்யும் ஒச்சம்மாள் என்று ஒவ்வொருவராகப் போனை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் லிங்க்கை அமுக்கிவிட்டு மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்த செய்திகள். என் வகுப்புகளின் லட்சணம்!

ஏப்ரல் 2, புதன்
சந்தேகமான செய்தி வந்தால் இப்போது எல்லாரும் ரிஸ்வானாவிடம்தான் காட்டுகிறார்கள். என்னிடம் அவள் வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. இன்று எனக்கு ஒன்று வந்தது. போனை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன்.

"வச்சுட்டுப் போங்க சார்" என்றாள், நிமிராமல்.

வைத்துவிட்டு வந்தேன்.