நடக்காத கூட்டத்தின் படம்

செவ்வாய், இரவு

தெல்தோட்டையில் இன்றைக்கு நாலு மணிக்கு நடக்க இருந்த தேர்தல் கூட்டம் மழையால் நடக்கவே இல்லை. நனைந்துபோய்க் கண்டிக்கு வந்து பார்த்தால், எங்கள் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் என் பெயரோடு செய்தி: ‘அலைமோதிய மக்கள்.’ போட்டது மூன்றரைக்கு. கூடவே கூட்டத்தின் படமும்.

ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். “அண்ணே, நான் ஒண்ணுமே அனுப்பலியே?”

“வேட்பாளரோட ஆள் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புனாரு. படமும் அவருதான். மழை வரும்னு யாருக்குத் தெரியும்? விடுங்க தம்பி.”

என் பெயரையாவது எடுக்கச் சொன்னேன். சிரித்தார். இனி எந்த முகத்தோடு தெல்தோட்டைக்குப் போவேன்?

இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போன தேர்தலில், வேறு கட்சியின் கூட்டத்தில், நான் எடுத்த படம். எங்கும் வெளிவரவில்லை. ஆசிரியர் ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தேன்.