கை நனைக்காத வீடு

கிள்ளான்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ருக்குமணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். இங்கே எல்லாரும் நலம். அங்கே அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஷர்மினிக்கு நிச்சயமான செய்தி அத்தை முறையில் எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பேஸ்புக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

விஷயம் இதுதான். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் மூன்று நாள் கேமரன் மலைக்கு வருகிறோம். என் வீட்டுக்காரர் இலாகாவிலிருந்து மூன்று குடும்பங்கள், டைரக்டர் குடும்பமும் சேர்த்தி. ஹோட்டலை ஒருவர் பார்த்துக்கொண்டார், வண்டியை ஒருவர் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு இடம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. "உங்க சொந்த ஊருதானே டீச்சர், உங்களுக்குத் தெரியாததா லா?" என்று டைரக்டர் மனைவி சொல்லிவிட்டார். இணையத்தில் தேடினால் எங்கே தட்டினாலும் சீனர் ஸ்டீம்போட் சூப், ஸ்ட்ராபெரி, கேக். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கிறது. தேயிலைத் தோட்டம் பார்க்கிற இடம், மலை உச்சியில் பாசிக் காடு, கியா பார்ம் சந்தை, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் நம் ஆட்கள் சாப்பிடுகிற நல்ல கடை எது என்று எழுதுங்கள்.

வீட்டுக்கு வர முடியாது, அண்ணா. அப்பாவின் கருமாதியில், சாப்பிட இலை முன்னால் உட்கார்ந்துவிட்ட தன்னைக் கோயில் தலைவர் வந்துவிட்டார் என்று அண்ணி எழுப்பிவிட்டதை இவர் பதினோரு வருடமாக மறக்கவில்லை. "இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னதைப் பிரஷர் மருந்து மாதிரி ஒரு நாளும் தவறாமல் காப்பாற்றி வருகிறார்.

போன் செய்ய வேண்டாம். உங்கள் பெயர் திரையில் வந்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. என் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ருக்குமணி


கோலா தெர்லா
11 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதத்தைத் தபால்காரன் தக்காளிக் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தான். பதினோரு வருடம் கழித்துத் தங்கச்சி எழுதுகிறாள், பிரித்தால் முதலில் சாப்பாட்டுக் கடை விசாரணை. பரவாயில்லை, சாப்பாட்டு விஷயத்திலாவது அண்ணனை நம்புகிறாயே.

கேட்டுக்கொள். தேயிலை பார்க்கிற இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கடையில் தேநீர் மட்டும் குடியுங்கள். கேக்குக்கு வரிசையில் நின்றால் உங்கள் கூட்டத்துக்குப் பொறுமை போதாது. அப்படியே கீழே இறங்கினால் தோட்டத்து லைன் வீடுகள் முடிகிற முனையில் தகரக் கூரைக் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றால் அதுதான். தோசையும் நெத்திலிச் சம்பலும். பத்து மணிக்கு மேல் போனால் அடுப்பைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். பாசிக் காட்டில் மழையைத் தவிர ஒன்றும் கிடைக்காது, பிரிஞ்சாங் டவுனிலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். கியா பார்மில் சந்தைக்குப் பின்னால், லோரிகள் நிற்கிற இடத்தில், காளியம்மா கடை. வாழையிலைச் சோறு. திரிங்காப்பிலிருந்து காய் ஏற்றி வருகிற லோரிக்காரர்கள் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். தினம் வருகிறவனுக்கு யாரும் பழைய குழம்பை ஊற்ற முடியாது.

உன் கடிதத்தை அண்ணி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "மூணு நாளு இங்கயே சுத்துவாங்க, நம்ம வாசலுக்கு வரமாட்டாங்களா? கியா பார்ம்லேர்ந்து காடியில ஏறுனா இருவது நிமிஷம்" என்றாள். நான் என்ன சொல்ல? அவள் உன் வீட்டுக்காரரிடம் நேரில் பேசப் பயப்படுகிறாள். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஷர்மினி கல்யாணம் தை மாதம், பிரிஞ்சாங் கோயில் மண்டபத்தில். எனக்கு இருப்பது நீ ஒருத்தி. அத்தை வராத கல்யாணம் என்றால் சம்பந்தி வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அதை விடு, எனக்கே தாங்காது. உன் வீட்டுக்காரர் மனதை எப்படியாவது திருப்பு, அம்மா.

அண்ணன்,
சிவலிங்கம்


கிள்ளான்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

அவர் நல்ல மனநிலையில் இருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டேன். "அவ்ளோ தூரம் போறோம், அண்ணன் வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டு வரலாமே" என்றேன். அவர் கத்தவில்லை. கத்துகிற மனிதராக இருந்தால் எனக்குப் பிழைப்பு எளிது. "கடையில எங்க வேணும்னாலும் சாப்பிடலாம். அங்க போறதா இருந்தா என்னை ரூம்ல விட்டுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல மறுநாளைக்கான என் பள்ளிக்கூடச் சேலையை இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் போட்டுக் கொடுக்கிறார். இந்த மனிதரோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

ஷர்மினி கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அப்ப பாத்துக்கலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், நாங்கள் வருகிற மூன்று நாளும் நீங்கள் அந்தப் பக்கமே வராதீர்கள். நடுத்தெருவில் பார்த்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் டைரக்டர் முன்னால் நான் செத்தேன்.

செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை மதியம் காளியம்மா கடை என்று முடிவு செய்திருக்கிறோம். பதினொரு பேர். சொல்லி வைத்துவிடுங்கள்.

ருக்குமணி


கோலா தெர்லா
1 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

காளியம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கியா பார்மில் வண்டிகள் நகராது, பதினொரு மணிக்கே ஹோட்டலை விட்டுக் கிளம்புங்கள்.

இனி நான் எழுதப் போவதைப் படித்துப் பதறாதே. அன்றைக்குக் காளியம்மா கடை அடுப்பில் உன் அண்ணி சமைக்கப் போகிறாள். நான் யோசனை சொல்லவில்லை, அவளாகவே போய்க் காளியம்மாவிடம் பேசி முடித்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறாள். "அவரு வீட்டுலதானே கை நனைக்க மாட்டேன்னாரு. கடை நம்ம வீடு இல்லையே. நான் பின்னால நிக்கிறேன், வெளிய வரவே மாட்டேன். அந்த மனுஷன் ஒரு வேளை என் கையால வயிறாரச் சாப்பிடட்டும். அவருக்குத் தெரியவே வேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்" என்கிறாள். இலையிலிருந்து எழுப்பிவிட்டவள் இல்லையா, அந்த உறுத்தல் அவளைத் தின்கிறது. முழங்கால் வலியோடு இஞ்சியும் பூண்டும் பார்த்துப் பார்த்து வாங்கி வைக்கிறாள். எனக்குத் தடுக்க மனம் வரவில்லை.

நீ வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. நிறுத்திவிடுகிறேன்.

அண்ணன்


கிள்ளான்
21 செப்டம்பர் 2025

அண்ணா,

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. ஆசிரியர் அறையில் பேனாவை எடுத்து, எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று என் புத்தி சொன்னது. அவர் அண்ணி கையால் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

அவர் சாப்பிட்டார், அண்ணா. ஆட்டிறைச்சிப் பிரட்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். மலையிலேயே இதுதான் நல்ல சாப்பாடு என்று டைரக்டர் சொன்னபோது, "என் வைஃப் தேடிக் கண்டுபிடிச்ச கடை" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

அப்புறம்தான் எழுந்தார். எந்தக் கடையில் நன்றாகச் சாப்பிட்டாலும் சமையற்கட்டு வரை போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது அவர் வழக்கம். எனக்கு அது தெரியும். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அன்றைக்கு அது எப்படி மறந்துபோனது என்று இன்னும் விளங்கவில்லை. நான் எழுவதற்குள் உள்ளே அடுப்படியில் நின்ற அண்ணியைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து கை கழுவினார், டைரக்டரைத் தடுத்து எல்லாருக்கும் அவரே பணம் கட்டினார், வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் மலையை விட்டுத் தாப்பாவுக்கு இறங்கியதும்தான் பேசினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்குப் பந்தியே பாக்க உன் அண்ணி என்னை எழுப்பிவிட்டா. இன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாம சோறு போடுறா. ரெண்டு தடவையும் என்னை ஒரு மனுஷனா நெனச்சு ஒரு வார்த்தை கேக்கலை. எதிர்ல வந்து நின்னு சொல்லியிருந்தா அவ வீட்டுலயே சாப்பிட்டிருப்பேன்."

அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். இப்போதும் என் சேலைக்கு இஸ்திரி போடுகிறார். நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். முன்பெல்லாம் கையில் கொடுப்பார்.

ருக்குமணி


கோலா தெர்லா
16 நவம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் கிள்ளானிலிருந்து சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் உன் அண்ணி பேசிக்கொண்டே வந்தாள், எனக்குக் காது வலி.

உன் செப்டம்பர் கடிதத்தை வந்த அன்றைக்கே அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அவரு சொல்றது சரிதானே. பத்திரிகை அடிச்சதும் நேரா கிள்ளானுக்குப் போவோம்" என்றாள். தாம்பூலத் தட்டை உன் கையில் கொடுத்துவிட்டு அவள் உன் வீட்டுக்காரர் எதிரிலேயே போய் நின்றுவிட்டாள். "அண்ணே, அன்னைக்கு உங்களை எழுப்புனது தப்பு. கடையில ஒளிஞ்சு நின்னதும் தப்பு" என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சரிம்மா, விடுங்க. சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு வருடம் காத்திருந்தோம். உன் வீட்டு இலையில் உட்கார்ந்து உன் கையால் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

ஷர்மினி கல்யாணத்தில் முதல் பந்தியில், முதல் இலை உன் வீட்டுக்காரருக்கு என்று அண்ணி இப்போதே எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டாள். எந்தத் தலைவர் வந்தாலும் நிற்கட்டுமாம். ஜனவரி இருபத்தைந்து. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

சந்தோஷத்துடன்,
அண்ணன் சிவலிங்கம்


கிள்ளான்
11 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

நீங்கள் வந்துபோன பிறகு பத்திரிகையைச் சாமி மேடையில் அவர்தான் கொண்டுபோய் வைத்தார். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஷர்மினிக்கு வளையல்கூட எடுத்துவிட்டேன். போன வாரம் லீவு எப்போது போடப் போகிறீர்கள் என்று கேட்டபோது, "நான் வரலை. நீ போய்ட்டு வா, உன் அண்ணன் மக, போகாம இருக்கக் கூடாது. ஆனா அங்க நீ கை நனைக்கக் கூடாது" என்றார்.

"அண்ணியை மன்னிச்சிட்டேன்னு சொன்னீங்களே" என்றேன்.

"அவங்களை மன்னிச்சிட்டேன். அவங்க வேற வீட்டுப் பொம்பளை. நீ எல்லாம் தெரிஞ்சும் என் பக்கத்துல உக்காந்து நான் சாப்பிடுறதைப் பாத்துக்கிட்டே இருந்தே" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது, அண்ணா. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். போகாமலும் இருக்க முடியாது, சாப்பிடவும் முடியாது. அவருக்குத் தெரியாமல் ஒரு வாய் சாப்பிடலாம்தான். மறுபடியும் அவருக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு நான் எப்படித் திரும்பி வருவேன்?

முந்தின நாள் பஸ்ஸில் வருகிறேன். தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன், அங்கேயே ஏதாவது கடையில் சாப்பிட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அழைத்துப் போக வராதீர்கள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சம்பந்தியிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாலி கட்டி முடிந்ததும் சாப்பிட வா என்று என்னைக் கூப்பிடாதீர்கள். என் கையில் ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்துவிடுங்கள். முதல் பந்தியிலிருந்து கடைசிப் பந்தி வரை நானே பரிமாறுகிறேன். பரிமாறிக்கொண்டே இருக்கிறவளை, நீ சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணி மட்டும் கேட்பாள். அவள் அப்போதே சாப்பிட்டுவிட்டாள் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
ருக்குமணி