அப்பாவுக்கு முந்திப் பேசிய என் வாய்

காம்பார்,
12.8.1984

அன்பு மகன் சீனிக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். இங்கு நாங்களும் சுகம் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை எழுத மாட்டேன், பொய் எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது.

பக்கவாதம் வந்து பத்து மாதமாகியும் அப்பா நடக்கப் பார்க்காமல் அழுதுகொண்டே கிடக்கிறார் என்று எழுதினதற்கு, ஆம்பளை அழலாமா, செல்லம் கொடுக்காதீங்க, அதட்டி நடக்க விடுங்க என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நானும் புத்தியில்லாமல் அதட்டினேன். ரெண்டு வாயோடு சோற்றைத் தள்ளினால் திமிரா என்று கத்தினேன். பக்கத்து வீட்டு முத்தம்மா இது காத்துக் கறுப்பு என்றாள், தாயத்தும் கட்டினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டர் கையைத் தூக்கச் சொல்வார், காலைத் தட்டிப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், கோணின வாயால் அப்பா குழறி முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு நல்லா சாப்பிடுறாரு, நல்லா தூங்குறாரு என்று சொல்லிவிடுவேன். டாக்டரும் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸரிடம் முடியவில்லை என்று சொன்னால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள், பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்று பயந்தே வளர்ந்த வாய் இது. தோட்டத்தை விட்டு வந்து ஆறு வருஷமாச்சு, இந்த வீட்டை எவன் பிடுங்கப் போகிறான், ஆனாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அந்த வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

போன செவ்வாய்க்கிழமை எல்ஸி என்று ஒரு புது நர்ஸ், நம்ம தமிழ்ப் பிள்ளைதான், கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு அப்பாவிடம் வரிசையாகக் கேள்வி கேட்டாள். முதல் ரெண்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவரையே சொல்ல விடுங்கம்மா. நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், வாதம் வந்தவர்களுக்கு மனசும் சேர்ந்து நோவில் விழுவது உண்டாம், அது நடிப்பும் இல்லை பேயும் இல்லை, வைத்தியம் இருக்கிறதாம். சீனி, அப்பா தினமும் சாக வேண்டும் என்று நினைக்கிறாராம். இதை யாரிடமாவது சொன்னீங்களா என்று கேட்டதற்கு, யாரும் கேட்கலையே என்றாராம்.

கை காலை மட்டும் பார்த்த டாக்டர் மேல் கோபம், உன் மேல் கோபம், முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் கேட்காத என் மேல்தான் பெருங்கோபம். தாயத்தை அன்றைக்கே அறுத்துப் போட்டேன். இப்போது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இனி வாராவாரம் எல்ஸியே பார்ப்பாளாம், அவரைத் தனியாக விடாதீங்க என்றும் சொல்லியிருக்கிறாள். இனி அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்காதே. உறை மேல் உடையப்பன் என்று அவர் பேரைப் போட்டு அவருக்கே எழுது. இடது கையால் பதில் எழுத நாளாகும், காத்திரு. புத்தி மட்டும் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, கப்பல் பட்டறையில் உயரத்தில் ஏறும்போது கவனம். ஆயுசோடு நன்றாயிரு. கீழே அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா ராக்காயி

நல்லா இல்லை சீனி. வா.
அப்பா