கூச்சத்துக்கு மருந்து

என் கூச்சக்காரக் கடலோடிக்கு,

மருந்துக்கடை கிளைட் உங்களோடு தேவாலயத்தில் பாடுகிறவர் என்று வெட்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் அந்த ஆண்மை மாத்திரையை வரவழைத்தீர்களே, அதைச் சுங்கத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

தபால் நிலைய எழுத்தர் வில்லா சுங்க அறிவிப்பைப் பார்த்துப் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. “உன் வீட்டுக்காரரு டாக்டர் சீட்டில்லாம மருந்து வரவழைச்சிருக்காராம்டி! சட்டப்படி குத்தமாம்! மறுபடி செஞ்சா வழக்காம்!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் கிளைட்!

பயப்படாதீர்கள், இந்த முறை பறிமுதலோடு விட்டுவிட்டார்கள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் இதயத்தைச் சோதித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவாராம்.

வெளியே வந்ததும் கிளைட் என் காதில் சொன்னார்: “அவர தைரியமா கடைக்கு வரச் சொல்லுங்க. நானே வெக்கப்பட்டு பாங்கர் நகரத்துக்குப் போய்த்தான் வாங்குறேன்.”

சிங்கி இறால் கூண்டுகளை அப்படியே போட்டுவிட்டுத் தீவிலிருந்து கிளம்புங்கள். நாயைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டேன்.

வெட்கமே இல்லாத
உங்கள் மனைவி