ஸ்கேன் அறை ஹார்ட் டிஸ்கை வெள்ளிக்கிழமை அழிக்க வேண்டாம்

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்பாளர்,
தலைமை மருத்துவமனை,
தரைத்தளம், மருந்துக் கிடங்கை அடுத்த அறை.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள் அலுவலகம்.

பொருள்: ஸ்கேன் அறைக் கணினியின் ஹார்ட் டிஸ்கையும் அதன் நகல் டிஸ்கையும் வரும் வெள்ளிக்கிழமை அழிக்கப் பிறப்பித்த ஆணையை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இயங்குதளங்களின் பாதுகாப்பை ஒப்பிட்டு நான் அளித்த 22 பக்க அறிக்கை. 2. பின்னர் நான் அளித்த ஒரு சொல் விளக்கம். 3. எனது முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இப்பொருள் குறித்து நான் எழுதும் நான்காவது மனு இது. முதல் மூன்றும் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததற்கு முத்திரையிட்ட சீட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் இல்லை. இதற்கும் வராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

1. மூன்று ஆண்டுகளுக்கு முன், கண்காணிப்பாளர் அவர்கள் கேட்டபடி, இங்குள்ள 41 கணினிகளின் இயங்குதளங்களை ஒப்பிட்டு அறிக்கை எழுதினேன். எல்லாவற்றிலும் விண்டோஸின் வெவ்வேறு பதிப்புகள் இருந்தன. ஸ்கேன் அறையில் இருந்தது மிகப் பழையது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தயாரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்றைக்கு நிறுத்துவோம் என்று முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் சாதாரணப் பயனர் நினைத்த மாத்திரத்தில் எதையும் நிறுவிவிட முடியாது என்பதையும் எழுதினேன். எந்த இயங்குதளமும் தானாகக் காப்பாற்றிவிடாது, பயன்படுத்துபவரின் பழக்கமே பாதி என்றும், ஸ்கேன் அறைக் கணினியை இணையத்திலிருந்து உடனே துண்டிக்க வேண்டும் என்றும் 19-ஆம் பக்கத்தில் எழுதினேன். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை.

2. அறிக்கை தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், "இவற்றுள் எது பாதுகாப்பானது? ஒரே சொல்லில் தெரிவிக்கவும்" என்று குறிக்கப்பட்டிருந்தது. நான் "லினக்ஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யல்ல, ஐயா. ஆனால் ஒரே சொல்லில் சொல்லக்கூடிய விஷயமல்ல இது என்று திருப்பி எழுதியிருக்க வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. இதை நான் யார் மீதும் பழி போடாமல் ஒப்புக்கொள்கிறேன்.

3. நாற்பது கணினிகள் லினக்ஸுக்கு மாற்றப்பட்டன. நானே மாற்றினேன். ஸ்கேன் கருவியின் மென்பொருள் அதில் இயங்காது என்பதால் அந்த ஒரு கணினி மட்டும் பழையபடி விடப்பட்டது. புதியவை, ஊழியர் ஐந்து நிமிடம் எழுந்து போய்விட்டு வந்தால் கடவுச்சொல் கேட்டன. எல்லாருக்கும் அலுத்துப்போயிற்று. கடவுச்சொல்லே இல்லாத ஒரே கணினி ஸ்கேன் அறையில் இருந்தது. ஏசியும் அங்கேதான் இருந்தது. ஆகவே சொந்த மின்னஞ்சல் பார்க்கவும் பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்க்கவும் ஆஸ்பத்திரியே அங்கே போய் நின்றது. ஐந்து மாதங்களுக்கு முன் ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த கோப்பை அங்கே திறந்தார். விசாரணை அறிக்கையில் அவர் "அடையாளம் தெரியாத நபர்". எனக்கு அடையாளம் தெரியும், சொல்வதாக இல்லை. இப்போதும் அவர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அன்று மாலைக்குள் 4,163 நோயாளிகளின் படங்கள் யாரும் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டு, சாவிக்குப் பணம் கேட்டுத் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பணம் அனுப்ப அந்தத் திருடர்கள் அதில் தந்திருந்த முகவரியும் இரண்டு வாரத்தில் செயலிழந்துவிட்டது.

4. நகல் எங்கே என்று தாங்கள் கேட்டால் அது நியாயம். நகல் டிஸ்க் இருந்தது. சனிக்கிழமைதோறும் அதைக் கணினியில் மாட்டி, படங்களை நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவது என் வழக்கம். ஒரு சனிக்கிழமை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது களவு போயிற்று. புது டிஸ்க் வந்ததும், எல்லாரும் "பூட்டு சார்" என்று அழைக்கும் கிடங்குப் பொறுப்பாளர் அதைச் சங்கிலியால் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிட்டார். "கழட்டி வச்சா காணாமப் போகும் தம்பி. மாட்டியே கிடக்கட்டும், எவன் தூக்குறான்னு பார்ப்போம்" என்றார். நானும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். சங்கிலி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. டிஸ்க் இன்றுவரை களவு போகவில்லை. ஆனால் எந்நேரமும் கணினியோடு இணைந்தே கிடந்ததால், அதிலிருந்த நகல்களும் அன்றே சேர்த்துப் பூட்டப்பட்டுவிட்டன.

5. அந்த 4,163 பேரில் ஒருவர் என் மனைவி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஸ்கேனில் அவருடைய நுரையீரலில் சிறிய நிழல் ஒன்று தெரிந்தது. பிலிம் கொடுக்கும் வழக்கம் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கையில் உள்ள தாளில் "அளவைப் படத்தில் காண்க" என்று மட்டுமே இருக்கிறது. சென்ற மாதம் எடுத்த ஸ்கேனிலும் நிழல் தெரிகிறது. அது அன்று இருந்த அதே அளவா, வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. "பழைய படம் இருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். அது இல்லாம கத்தி வைக்கவும் பயமா இருக்கு, வைக்காம விடவும் பயமா இருக்கு" என்கிறார் மருத்துவர். "ஊர்ல உள்ள கம்ப்யூட்டரெல்லாம் சரி பண்றீங்க, என் படம் ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தர முடியலையா?" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. கணினி வைரஸ் தொற்று நீக்கம் முடிந்தது என்று கோப்பை முடிக்க, இரு டிஸ்குகளையும் அழித்ததற்கான சான்று தேவை என்பதால் மேற்படி ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது. பிரதி எடுப்பது நோயாளிகளின் தகவலைத் திருடிய குற்றமாகும் என்றும் அதில் உள்ளது. நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். இவ்வகைப் பூட்டுகளுக்கான சாவி சில ஆண்டுகள் கழித்து வெளியானது உண்டு. இதற்கும் வெளியாகும் என்று சொல்ல என் மனசாட்சி இடம் தரவில்லை. தினமும் காலையில் தேடிப் பார்க்கிறேன், இன்றும் இல்லை. வந்தாலும் என் மனைவிக்கு அது காலம் கடந்து வரலாம். ஆனால் டிஸ்கை அழித்துவிட்டால் எந்தச் சாவி வந்தும் பயனில்லை. இரண்டையும் உறையிலிட்டு முத்திரை வைத்துத் தம் அலமாரியில் வைத்துக்கொள்ளக் கிடங்குப் பொறுப்பாளர் சம்மதிக்கிறார். கணினிக்கு வேண்டிய புது டிஸ்கை நானே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

7. ஆணையில் "நிறைவேற்றும் பணியாளர்" என்ற இடத்தில் என் பதவி உள்ளது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அழிக்க வேண்டியவன் நானே. என் அறிக்கையில் விட்டுப்போன ஒப்பீடு ஒன்றை இங்கே சேர்க்கிறேன். விண்டோஸ், ஒரு டிஸ்கை அழிக்கும் முன் "உறுதிதானா?" என்று கேட்கும். லினக்ஸில் கேட்காமலே அழித்துவிடும் கட்டளையும் உண்டு, கேட்டுவிட்டு அழிக்கும் வழியும் உண்டு. நான் கேட்கும் வழியையே பயன்படுத்துவேன். திரையில் அந்தக் கேள்வி வந்ததும் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைப்பேன். யாரும் எடுக்காவிட்டால் ஆணைப்படி நடப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆகவே அந்த நேரத்தில் தாங்கள் இருக்கையில் இருந்து பதில் அளிக்குமாறு மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் எதுவும் வேண்டாம், ஐயா. ஒரே சொல்லில் தெரிவித்தால் போதும்.

இடம்: மருத்துவமனை, தரைத்தளம்
நாள்: இம்மாதம் 12, புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கணினிப் பராமரிப்பாளர்

இணைப்பு: அறிக்கையின் 19-ஆம் பக்கம் மட்டும்.